செல்வி அக்காவின் மொட்டைத் தலைப் படம்

இன்று காலை பசியாற உட்கார்ந்தபோது...

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கையில் போன்.

"இது நான்தானே?"

அவர்தான். மொட்டைத் தலை, தாழ்ந்த கண், கன்னத்தில் ஒரு துளி. நான் எடுத்து என் வெப்சைட்டில் போட்ட படம். (மலைக்கு வருகிறவர்கள் தேயிலையைப் படம் எடுப்பார்கள். நான் தேயிலை பறிக்கிறவர்களை எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.)

யாரோ அதை வேறொரு பக்கத்தில் போட்டு, கீழே மலாய் மொழியில் எழுதியிருந்தார்கள். கடைசிக் கட்டப் புற்றுநோயாம், கீமோவில் முடி கொட்டிவிட்டதாம், உதவுங்களாம். அடியில் ஒரு பேங்க் நம்பர்.

அக்காவுக்குத் தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை. மகள் கவிதாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தைப்பூசத்தில் முடி கொடுத்தார். அந்த மொட்டைதான் இது. (கன்னத்தில் இருப்பது கண்ணீர் இல்லை. மழிக்கத் தெளித்த தண்ணீர்.)

வேண்டுதல் பலித்தது. கம்போங் ராஜாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்று மாலை நான்கு மணிக்குப் பரிசம் போட வருவதாக இருந்தது.

அவர்களுக்கும் இந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மாப்பிள்ளையோட அம்மா போன் அடிச்சாங்க. சீக்க மறைச்சிட்டுப் பொண்ணு குடுக்குறீங்களான்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்கன்னா, அப்ப படத்துல இருக்கிறது யாருங்கிறாங்க. நான் என்னா சொல்ல?"

கோபத்தில் அக்காவின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 

"எப்படிக்கா எடுத்தான்? ரைட் கிளிக் வேலை செய்யாத மாதிரி லாக் போட்டு வச்சிருக்கேனே."

வாசலில் நின்ற கவிதாவின் கண்கள் சிவந்திருந்தன. "ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா முடிஞ்சிச்சு லா," என்றாள்.

மூன்று வருடமாக அந்த லாக்கை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மூலையில் என் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். (படத்தின் அழகு கெடக்கூடாதாம்.) அதை நறுக்கி எறிந்திருந்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி ரிப்போர்ட் செய்தேன். சில நாட்களில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. எங்களுக்குச் சில மணி நேரம்தான் இருந்தது.

"கிளம்புங்கக்கா. நேர்ல போயிருவோம்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவைக் காடியின் முன் சீட்டில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஜாம். ஸ்ட்ராபெரி வாங்க வந்த காடிகளுக்கு நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். அக்கா தலைத்துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். காதுவரை முடி வளர்ந்திருந்தது.

"இத காட்டுனா நம்புவாங்களா?"

"கீமோ முடிஞ்சாலும் இப்படித்தாங்க்கா வளரும்."

சொல்லியிருக்கக் கூடாது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா உட்காரச் சொன்னார். ஆனால் தேத்தண்ணி வரவில்லை. (தேயிலை மலையில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.)

"உள்ளத சொல்லிருங்கம்மா," என்றார் அக்காவிடம். "நோவு யாருக்கும் வரும். மறைச்சதுதான் எனக்குப் புடிக்கல."

அக்கா என்னைப் பார்த்தார். 

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அப்டேட் ஓடியது. பத்து நிமிடம் மூன்று பேர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை மட்டும் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரிஜினல் படம் திறந்தது. வெட்டாத முழுப் படம். அக்காவின் இடப்பக்கம் சவரக்கத்தியோடு ஒருவர். காலடியில் முடி நிறைந்த வாளி. வலப்பக்கம் அக்காவின் வீட்டுக்காரர், அவரும் மொட்டை, மீசையும் மழித்து ஆளே அடையாளம் தெரியவில்லை, தலையில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. இதையெல்லாம் கலை என்று சொல்லி நான்தான் வெட்டி எடுத்து, முகத்தை மட்டும் வெப்சைட்டில் போட்டிருந்தேன். திருடியவனுக்குப் பாதி வேலையை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இவரு யாரு?"

"என் வீட்டுக்காரருங்க."

"அவருக்குமா கீமோ?"

 கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி கலக்குங்க," என்றார். அப்போதுதான் அக்கா அழுதார்.

திரும்பும்போது எனக்கு வீரம் வந்துவிட்டது. "இனிமே படத்த சின்னதாதாங்க்கா போடுவேன். என் பேர மூஞ்சி மேலேயே பெருசா எழுதிருவேன். எவன் எடுக்கிறான்னு பாப்போம்."

"என் மூஞ்சி மேல உன் பேரா?"

"திருடாம இருக்கத்தாங்க்கா."

"அவன் உன்னக் கேக்காம எடுத்தான். சரி. நீ என்னக் கேட்டா போட்ட?"

திரிங்காப் ஊரில் காடியை ஓரம் கட்டி லேப்டாப்பைத் திறந்தேன்.

நான்கு மணிக்குப் பரிசம் நல்லபடியாக முடிந்தது. என் வெப்சைட்டை மூடிவிட்டேன். தோட்டத்து லைனில் ஒவ்வொரு வீடாக லேப்டாப்போடு போய்க் கேட்ட பிறகுதான் திறப்பேன். அந்தத் திருட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டால் ஷேர் செய்யாமல் ரிப்போர்ட் செய்யுங்கள்.

முதல் வீடு செல்வி அக்கா வீடுதான். "போடு," என்றார். "ஆனா அவர வெட்டாத."

வெப்சைட் திறக்கும்வரை இந்தப் பதிவின் கீழேயே முழுப் படம். கேட்டுத்தான் போட்டிருக்கிறேன்.