அகல டிவியில் காணாமல்போன வரி

எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக்கு என் மகன் சுவரை அடைக்கிற மாதிரி ஓர் அகல டிவி வாங்கி வந்தான். தமிழ் நாடகம் போட்டோம். படம் திரையின் நடுவில் மட்டும் தெரிந்தது, இரு பக்கமும் கறுப்புப் பட்டை. ஒளிபரப்பு அவ்வளவு அகலமாக வருவதில்லையாம். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மகன் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பினான். நடிகையின் நெற்றி போயிற்று. கீழே ஓடும் ஆங்கில சப்டைட்டிலும் போயிற்று. அதைப் படித்துத்தான் என் சீன மருமகள் தினமும் என்னோடு நாடகம் பார்ப்பாள்.

"இப்ப ஃபுல்லா இருக்கு லா," என்றான். மருமகள் எழுந்து அறைக்குள் போனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் பொண்டாட்டிக்கு இடமில்லாத டிவிக்கு இவ்வளவு அகலம் எதுக்குடா?"