இடுப்பில் பிஸ்டல், நெஞ்சில் பேட்ஜ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவருடைய இடுப்பில் என்ன இருக்கிறதென்று தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மனைவி றோஸி, முதலாளி தாஸிம் ஹாஜியார், பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளியான டெரிக். மற்றவர்களுக்கு அவர் எந்த நேரமும் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு திரிகிற, கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற, ஐம்பத்தேழு வயது மனிதர். மூலவியாதி என்று ஒரு கட்சி, இடுப்பு வாதம் என்று இன்னொரு கட்சி. கோயில் சபைக் கூட்டத்தில் ஒருமுறை யாரோ இரக்கப்பட்டு அவருடைய கதிரையில் ஒரு பஞ்சணை கொண்டுவந்து போட்டார்கள். ஹியூபேட் நன்றி சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? பிஸ்டல் என்று சொல்ல முடியுமா?

செட்டியார் தெருப் பட்டறைகளில் செய்து முடிகிற நகைகளை வெள்ளவத்தையிலுள்ள ஹாஜியாரின் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய தொழில். வாரத்தில் நான்கு நாள், அதுவும் பஸ்ஸில். கார் அனுப்பினால் கள்ளன் காரைப் பின்தொடர்வான், நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனை எவன் பார்க்கப்போகிறான் என்பது ஹாஜியாரின் கணிப்பு. நகைகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள். டின் ஒரு சந்தைப் பைக்குள். பையின் வாயில் இரண்டு கட்டுக் கீரை. இத்தனைக்கும் காவலாக இடுப்பில், தோல் உறைக்குள், சட்டப்படி லைசன்ஸ் எடுத்த பிஸ்டல்.

நகை கொண்டுவருகிறவரிடம் அனுமதி பெற்ற ஆயுதம் இருக்க வேண்டும் என்பது காப்புறுதிக்காரர்களின் நிபந்தனை. லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் போனால் காப்புறுதி போகும், காப்புறுதி போனால் ஹியூபேட்டும் போவார். ஹாஜியார் இதைக் கோபத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, இன்றைக்கு வெயில் கூடுதல் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

பதினொரு வருடத்தில் அந்தப் பிஸ்டலை ஹியூபேட் வெளியே எடுத்தது எண்ணெய் போட மட்டும்தான். மற்றபடி அது அவருக்குக் கொடுத்ததெல்லாம் தொடையோரம் ஒரு கொப்புளமும், கல்யாண வீடுகளில் பைலா ஆட முடியாத துக்கமும். றோஸி தன் தம்பியோடு ஆடுவாள். இவர் சுவரோரம் நின்று கைதட்டுவார்.

எல்லாம் ஒரு மார்ச் மாதக் காலையில் குழம்பியது. பம்பலப்பிட்டியில் பஸ் பிரேக் போட்டது. விழாமலிருக்க ஹியூபேட் கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். கையோடு சேர்ந்து சட்டையும் உயர்ந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த பெண்ணின் கண்ணுக்கு நேரே பிஸ்டலின் பிடி. அந்தப் பெண் கூச்சல் போட்டிருந்தாலாவது ஹியூபேட் விளக்கம் சொல்லியிருப்பார். அவளோ எழுந்து போய் நடத்துனரின் காதில் சொன்னாள், நடத்துனர் சாரதியின் காதில் சொன்னான். அதற்குப் பிறகு பஸ் எந்த ஹோல்டிலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் மணியை அடித்தார்கள், தட்டினார்கள், சாரதியின் பரம்பரையை இழுத்தார்கள். ஹியூபேட்டும் அவர்களோடு சேர்ந்து, என்ன மனிதன் இவன் என்று முணுமுணுத்தார். பஸ் நேராக ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலில் போய் நின்றபோதுதான் விஷயம் தன்னைப் பற்றியதென்று அவருக்கு விளங்கியது.

லைசன்ஸ் வீட்டில், அலுமாரிக்குள், றோஸியின் கல்யாணச் சேலைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. வியர்வையில் நனைந்துவிடும் என்று அவர் அதை வெளியே கொண்டுபோவதே இல்லை. றோஸி அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர இரண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஹியூபேட் இரு கைகளையும் முழங்காலில் வைத்தபடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை, பையில் கீரை வாடிக்கொண்டிருந்தது. சார்ஜன்ட் நல்ல மனிதர், தேத்தண்ணீர் கூடக் கொடுத்தார். பத்திரத்தைப் பார்த்ததும் பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாங்கள் எப்படி ஐயா கண்டுபிடிப்பது, உங்கள் நெற்றியில் எழுதியா இருக்கிறது என்று சிங்களத்தில் சிரித்தார்.

சார்ஜன்ட் அதைச் சொல்லி மறந்திருப்பார். ஹியூபேட் மறக்கவில்லை. நெற்றியில் எழுத முடியாதுதான். வேறு எங்கேயாவது எழுதலாமே?

மறுநாளே டெரிக்கின் கடைக்குப் போனார். டெரிக் பள்ளிக்கூட மாணவத் தலைவர்களுக்கு, மரண உதவிச் சங்கங்களுக்கு, திருவிழாத் தொண்டர்களுக்கு எல்லாம் பேட்ஜ் அடித்துக் கொடுப்பவன். ஹியூபேட் விஷயத்தைச் சொன்னதும் அவன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டுதானே மச்சான் உள்ளுக்கு வச்சிருக்கிறாய். பிறகு, நான் உள்ளுக்கு வச்சிருக்கிறன் எண்டு வெளியில போர்ட் போடுறதா?"

ஹியூபேட்டிடம் பதில் தயாராக இருந்தது. டொக்டர் காரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார், லோயர் ஒட்டுகிறார். சட்டப்படி வைத்திருக்கிற ஒருவனைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறவனிடமிருந்து ஒரே பார்வையில் பிரித்துக் காட்ட ஏதாவது வேண்டாமா? சட்டை விலகினால் பிடி தெரியும், பிடியோடு பேட்ஜும் தெரிந்தால் பஸ் தன்பாட்டில் போகும்.

"லைசன்ஸ் எடுத்த நாய்க்கே கழுத்தில தகடு இருக்கு, டெரிக்."

"நாய் தன்னை மறைச்சு வச்சிருக்கல்லயே."

பிடிவாதத்தில் ஹியூபேட்டை வெல்ல டெரிக்கால் முடிந்ததே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டான்: அரசாங்க இலச்சினை மாதிரி ஒன்றும் அடிக்கமாட்டான், சிங்கம் கிங்கம் கேட்கக்கூடாது. கையிலிருந்த மாணவத் தலைவர் அச்சிலேயே, கேடய வடிவில், சுற்றிவர இலைகளும் உச்சியில் ஒரு நட்சத்திரமுமாகப் பித்தளையில் அடித்தான். நடுவில், அனுமதி பெற்ற துப்பாக்கி உரிமையாளர் என்று மூன்று மொழியில். இரண்டு விரல் அகலத்தில் மூன்று மொழி ஏற வேண்டுமென்றால் எழுத்து எறும்பளவுதான் வரும். நட்சத்திரம் மட்டும் தெருவின் அந்தக் கரையிலிருந்தே மின்னியது.

முதல் கிழமை பேட்ஜ் பெல்ட்டில், பிஸ்டல் உறைக்குப் பக்கத்தில் இருந்தது. சட்டைக்குள்ளே இருந்ததால் ஒருவரும் காணவில்லை. நியாயப்படி அதுதான் அதன் இடம். ஆனால் மினுக்கித் துடைத்த பித்தளையை இருட்டில் வைத்திருப்பது ஹியூபேட்டுக்கு ஒரு மாதிரி இருந்தது. இரண்டாம் கிழமை அது பெல்ட்டின் முன்பக்கத்துக்கு நகர்ந்தது. பிறகு சட்டைப் பைக்குள் ஏறியது, அவசரத்துக்கு எடுத்துக் காட்டலாமே என்று. பிறகு பையின் விளிம்பில். எந்தத் தேதியில் என்று அவருக்கே ஞாபகமில்லை, மே மாதம் பிறந்தபோது பேட்ஜ் இடது நெஞ்சில் ஊசி குத்தி உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஹியூபேட் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. நடத்துனர்கள் ஐயா என்பதற்குச் சிங்களத்தில் மாத்தயா என்றார்கள். பஸ்ஸில் இளந்தாரிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மீன்காரன் செவுளைத் தானே திறந்து காட்டினான். போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் இவருக்காகக் காலி வீதி என்ற பெருந்தெருவில் வாகனங்களை நிறுத்திப் பிடித்தார். பதினொரு வருடமாக இடுப்பை நசுக்கிய பிஸ்டல் வாங்கித் தராத மரியாதையை இரண்டு விரல் பித்தளை வாங்கித் தந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒரு ஆத்மாவும் கிட்டே வந்து வாசிக்கவில்லை. இந்த ஊரில் பேட்ஜ் குத்தியவரை யாராவது கிட்டே போய் வாசிப்பார்களா? எட்ட நின்று பயப்படுவார்கள்.

ஜம்பட்டா வீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற இராமர் மட்டும் துணிந்து கேட்டான், அண்ணன் இப்போது எந்த டிப்பார்ட்மென்ட் என்று. அதெல்லாம் சொல்லக்கூடாது என்றார் ஹியூபேட். பிஸ்டல் விஷயம் வெளியே சொல்லக்கூடாததுதானே, அந்த வகையில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இராமர் ஓர் இரவு யோசித்தான். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர், வந்தால் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறவர், ரோல்ஸ் இன்றையதா நேற்றையதா என்று கேட்கிறவர். அப்படியானால் சுகாதாரப் பரிசோதகர்தான். அடுத்த நாள் கடையில் எல்லோர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. கல்லாவுக்கு மேல் படுத்திருந்த பூனைக்கு நாடு கடத்தல். செய்தி அந்த வீதி முழுக்கப் பரவி, ஹியூபேட் நடந்துவருகிற திசையில் கடை கடையாக வடைத் தட்டுகளுக்கு மூடி விழுந்தது.

ஒரு மத்தியானம் இராமர் சுடச்சுட ஒரு பிரியாணிப் பார்சலை அவருடைய கையில் திணித்தான், வேண்டாம் என்று சொல்ல இடம் வைக்கவில்லை. வீட்டில் பிரித்தபோது உள்ளே இரண்டு கோழித் துண்டும் முழு முட்டையும் இருந்தன. றோஸி இடுப்பில் கை வைத்தாள்.

"இது லஞ்சம்."

"நான் அவனிட்ட ஒண்டும் கேக்கல்லயே, றோஸி."

"நீங்க கேக்கல்ல. நெஞ்சில இருக்கிறது கேட்டிருக்கு."

ஹியூபேட் அதை யோசித்துக்கொண்டே சாப்பிட்டார். மற்றக் கோழித் துண்டை றோஸி எடுத்துக்கொண்டாள், வீணாகப் போகக்கூடாதென்று.

ஹாஜியார் கடைக்கு வருவது குறைவு என்பதால் பேட்ஜைத் தாமதமாகத்தான் கண்டார். கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். எழுத்து அவருக்கும் தெரியவில்லை. ஹியூபேட்டே வாசித்துக் காட்டினார்.

"டின்னுக்கு மேல கீரை, கீரைக்கு மேல பித்தளை," என்றார் ஹாஜியார். "கள்ளனுக்குத் தேடுற வேலையையும் மிச்சம் பிடிச்சிக் குடுத்தீங்க, மிஸ்டர் ஹியூபேட்."

பிறகு மேசை லாச்சியை இழுத்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். லைசன்ஸ் புதுப்பிக்கும் அலுவலகத்திலிருந்து கடையின் பேருக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை நேர்முகம், ஆயுதத்தைக் கொண்டுவரத் தேவையில்லை. இந்த வருடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பார்க்கிறார்களாம், வெட்டுகிறார்களாம். தன் மூத்த சகோதரியின் மகன் சஜீத்தும் லைசன்ஸுக்குப் போட்டிருக்கிறான் என்பதையும் ஹாஜியார் சொல்லிவைத்தார், பிளேன்டீ ஊற்றிக்கொண்டே. இந்தத் தகட்டை அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நல்லது என்றார். ஹியூபேட் தலையாட்டினார்.

தலையாட்டியது உண்மை. ஆனால் செவ்வாய் காலை கண்ணாடியின் முன் நின்றபோது, பேட்ஜ் இல்லாத நெஞ்சு உடுப்புப் போடாததுபோல் இருந்தது. அதோடு அவருக்கு வேறொரு எண்ணமும் வந்துவிட்டது. இதைத் தீர்மானிக்க வேண்டியவர்களே அங்கேதானே இருக்கிறார்கள்? நேரில் காட்டி நியாயம் சொன்னால், லைசன்ஸ்காரர் எல்லோருக்கும் பேட்ஜ் என்று சட்டமே வரலாம். எந்த பஸ்ஸும் எந்த நிலைய வாசலிலும் போய் நிற்காது. குத்திக்கொண்டே போனார். றோஸி தடுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, பேப்பரில் வந்த வேலை வெற்றிட விளம்பரங்களை வெட்டி வைத்திருந்த கடித உறையை எடுத்து மேசையில் போட்டாள், அவ்வளவுதான்.

அலுவலக வாங்கில் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் நால்வரும் சட்டையை வெளியே விட்டிருந்தார்கள், நால்வரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் ஒன்றும் இல்லாத நாளிலும் உடம்பு பழக்கத்தை விடவில்லை. பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் தன் இனத்தாரைக் கண்ட ஹியூபேட்டுக்கு நெஞ்சு விம்மியது. அவர்கள் விம்மிய நெஞ்சைத்தான் பார்த்தார்கள். மாணிக்கக்கல் வியாபாரி போலிருந்த ஒருவர், கொஞ்சம் தடித்தவர், குனிந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். எங்கே செய்தது, எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டார். மற்ற மூவரும் கிட்டே நகர்ந்தார்கள். அதற்குள் வாசலில் நின்ற பியூன் நட்சத்திரத்தைக் கண்டு விறைத்து நின்று, வரிசையைப் பார்க்காமல், மாத்தயா வாங்க என்று கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே இருந்தது ஒரு பெண் அதிகாரி. எழுந்திருக்கவில்லை. பேட்ஜை வாசித்தார், மூன்று மொழியிலும். ஹியூபேட் நல்ல சிங்களத்தில் தன் நியாயத்தை எடுத்து வைத்தார்: பஸ், பொலிஸ் நிலையம், நெற்றி. அவர் சொல்லி முடிந்ததும் அதிகாரி கேட்டார், முன்பு உங்களிடம் துப்பாக்கி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்று பேருக்கு.

இப்போது?

ஹியூபேட் எண்ணத் தொடங்கி, ஜம்பட்டா வீதியை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

பஸ்ஸில் உங்களுக்குப் பின்னால் நிற்கிற ஒருவன் இதை வாசித்தால், அவன் முதலில் எதை எடுப்பான் என்று அடுத்த கேள்வி வந்தது. பையை என்றார் ஹியூபேட். இல்லை, உங்கள் பிஸ்டலை எடுப்பான், பிறகு பையை நீங்களே கொடுப்பீர்கள் என்றார் அவர். ஹியூபேட்டின் கை தானாகவே வெறும் இடுப்புக்குப் போயிற்று. வாசிக்காதவன் உங்களை அரசாங்க ஆள் என்று நினைப்பான், அது அதைவிட மோசம் என்றும் சொன்னார். ஹியூபேட்டுக்குப் பிரியாணி ஞாபகம் வந்தது. அதிகாரியின் கையிலிருந்த சிவப்புப் பேனா ஃபைலின்மேல், அவருடைய பெயருக்குச் சரியாக ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. சஜீத்தின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"மெடம், அப்ப நான் நல்லவன் எண்டு பஸ்ஸில இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பஸ்ஸில் இருக்கிறவர்களுக்குத் தெரியத் தேவையில்லை, பொலிஸுக்குத் தெரிந்தால் போதும் என்றார் அதிகாரி. அதற்குத்தான் லைசன்ஸ் தந்திருக்கிறோம், அலுமாரிக்குத் தரவில்லை. வியர்வையில் நனைந்தால் இன்னொன்று தருவோம். இரண்டு அளவு பெரிய சட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ஹியூபேட் பேட்ஜைக் கழற்றினார். ஊசி சட்டையில் சிக்கி, வர மனமில்லாமல் வந்தது. அதிகாரி மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே பேட்ஜ்கள் கிடந்தன. வட்டமாக, கேடயமாக, கழுகோடு, சங்கிலியோடு, ஒன்று தைத்த துணியில், ஒன்று பேட்டரியில் எரிகிற சின்ன பல்போடு. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஹியூபேட்டினுடையது அவற்றின்மேல் கிணுக்கென்று விழுந்தது. அவர் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வேலைப்பாடு டெரிக்கினுடையதுதான் திறம், அதில் சந்தேகமில்லை. லாச்சி மூடிக்கொண்டது. அதிகாரி ஃபைலில் முத்திரையைக் குத்தி, ஒரு வருடம் என்றார்.

வெளியே வந்தபோது வாங்கிலிருந்த நால்வரும் முதலில் அவருடைய நெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். மாணிக்கக்கல்காரர் டெரிக்கின் நம்பரை எழுதப் பேனாவும் கையுமாக இருந்தார்.

"என்ன, அண்ணன், பேட்ஜைப் பற்றி உள்ளுக்கு என்ன சொன்னாங்க?"

ஹியூபேட் முத்திரை குத்திய பத்திரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நம்பரை ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, நால்வருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவங்களுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு," என்றார். "தங்களுக்கு ஒண்டு வேணுமெண்டு எடுத்து வச்சிட்டாங்க."