முதல் நூல் பெற வந்த டத்தின்

புத்தக வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏற்பாட்டுக் குழுத் தலைவர் அழைத்தார். "முதல் நூலை வாங்க டத்தின் வர்றேன்னுட்டாங்க லா. மேடையில பேசணுமே, அதான் ஒரு புக்கை நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டேன்," என்றார். என் துப்பறியும் நாவலின் கொலைகாரியே அந்த டத்தின்தான்.

கணவருக்குச் சுல்தானிடமிருந்து டத்தோ பட்டம் கிடைத்ததிலிருந்து அவர் டத்தின். ஜொகூர் பாருவில் அவரிடம் ஆறு ஆண்டுகள் காரியதரிசியாக இருந்தேன். எந்த விருந்தானாலும் நான் முன்கூட்டியே போய், அவருடைய பெயர் அட்டையைப் பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும். தன் அப்பா ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், என்று எல்லாரிடமும் சொல்வார். நானும் நம்பினேன்.

ஒரு கல்யாண விருந்தில், பாலோ ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த வயதான அம்மாள் ஒருவர் தெரியாமல் தலைமேசையில் உட்கார்ந்துவிட்டார். டத்தினை உற்றுப் பார்த்து, "நீ அஞ்சாம் லயத்துப் பிள்ளதானே? ஒங்கம்மாவும் நானும் ஒண்ணா பால் வெட்டுனோம்," என்றார். கிராணி வீட்டுப் பிள்ளை லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், வளர்ந்திருக்காது. டத்தின் முகம் வெளிறியதை அருகில் நின்று பார்த்தேன். அந்த முகம்தான் பின்னாளில் எனக்கு நாவலைக் கொடுத்தது. நாவலில் அந்த அம்மாள் மறுநாள் காலை இறந்து கிடப்பார்.

பத்து நாளும் இதே கேள்விகள்தான். வழக்குப் போடுவாரோ, மேடையிலேயே கிழித்துப் போடுவாரோ? நாவலில் பாலோவைப் பெக்கான் நானாஸ் ஊராக்கி, ரப்பர் தோட்டத்தை அன்னாசித் தோட்டமாக மாற்றியதெல்லாம் அவரிடம் செல்லுமா?

மேடையில் டத்தின் நாவலைப் புகழ்ந்தே பேசினார். முதல் நூலைக் கொடுத்தேன். படம் எடுப்பதற்காக நெருங்கி நின்றபோது, சிரித்த முகம் மாறாமல் என் காதருகே சொன்னார். "கொலகாரி நான்தான்னு தெரியுது. பரவால்ல, நல்லாதான் எழுதியிருக்க. ஆனா, 'இங்க ஏர்கோன் குளிரும், வாங்கம்மா'ன்னு அந்தம்மா கையைப் பிடிச்சிக் கடைசி மேசைக்குக் கூட்டிட்டுப் போனது யாருன்னு எழுதலையே? நான் உன்ன அப்படிச் செய்யச் சொல்லலியே."

உண்மைதான். அவர் சொல்லவில்லை. அந்த அம்மாள் எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவேண்டும். அந்த விருந்துக் காட்சியில் காரியதரிசி ஒருத்தியைச் சேர்க்க நான்கு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். நான்கு முறையும் அவள் ஏதோ அவசர வேலையென்று வெளியே போய்விடுகிறாள்.