வெலிகாவின் ஒரே படம்

நெதியல்காவிடம் பொறுமை மட்டும் கிடையாது. மற்றபடி தங்கமானவள். பால்கன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யார் செத்தாலும், படம் போட்ட துக்க நோட்டீஸ் அவள் கடையில்தான் அச்சாகும். சாவன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவோம். பக்கத்துக் கடையில் பூ விற்பவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறி முடிந்ததும் கம்ப்யூட்டர் வெறும் திரையைக் காட்டியது. பத்து வருஷத்துப் படங்களில் ஒன்றுகூட இல்லை. பிரிண்டரும் அசையவில்லை.

பழுது பார்க்கும் ஈவைலோ போனில், "புதுசு ஏத்தினா ரெண்டு நாள் அப்படித்தான் முரண்டு பிடிக்கும்க்கா. ரெண்டு மூணு தடவை அணைச்சுப் போடுங்க. திங்கக்கிழமை வரேன், வேற எதையும் தொட்றாதீங்க" என்றான்.

கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். மறுநாள் ஒருத்தருக்கு நாற்பதாம் நாள். 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா?' என்று திரை கேட்டது.

"என்னடி பண்றது?"

"அதான் ஒண்ணுமே இல்லையே, அழிய என்ன இருக்கு? அழுத்து" என்றேன் நான். என் வாயை அன்று தைத்திருக்க வேண்டும்.

பிரிண்டர் ஓடியது. திங்கட்கிழமை ஈவைலோ தலையில் கை வைத்தான். படங்கள் உள்ளேயேதான் இருந்தனவாம். அணைத்துப் போட்டிருந்தால் தானாக வந்திருக்குமாம்.

புதன்கிழமை, போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்த ஸ்தாமென் கிழவர் நெதியல்காவுக்கென்று ஒரு பாட்டில் மிளகாய்த் தொக்கோடு வந்தார்.

"வெலிகாவுக்கு வருஷம் வருதும்மா. அதே படத்தைப் போட்டுடு."

"படம் உங்ககிட்ட இருக்கா மாமா?"

"அதை அவ பெட்டியிலயே வெச்சுப் புதைச்சாச்சே, உன்கிட்டதான் இருக்கேன்னு. கதவுல ஒட்டினது வெயில்ல வெளுத்துப்போச்சு. போட்டோன்னாலே ஓடுவா, வேற ஏது?"

நெதியல்கா என்னைப் பார்த்தாள். நான் என் பூக்களைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர்ல புதுசு ஏத்தும்போது அதுவா அழிஞ்சிடுச்சு மாமா" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

கிழவர் அவள் தோளைத் தட்டினார். "மெஷின் பண்ணதுக்கு நீ ஏம்மா அழற?"

பெயர் மட்டும் போட்ட நோட்டீஸை வாங்கிக்கொண்டு போனவர் வாசலில் திரும்பினார்.

"மூணு தடவை அச்சடிச்சவளாச்சே. அவ முகம் உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

அவர் நிம்மதியாகப் போனார். நெதியல்கா கண்ணை மூடி மூடிப் பார்த்தாள். அந்த முகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.