கலக்கிவிட்ட குழாய்

டீத் தம்ளர் நழுவி விழுந்தபோதுதான் வலது கையைச் சந்தேகித்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்க்கும் பட்டறையில் பதினாறு வருடம் வேலை. மண்கூழ் நிறைந்த அச்சைத் தூக்கிக் கவிழ்த்த கை, ஒரு தம்ளரைத் தாங்கவில்லை.

பாண்டிச்சேரி மருத்துவர், முழங்கையில் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் நார்) கிழிந்திருக்கிறது என்றார். என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட் (காயம் ஆறத் தூண்டும் அணுக்கள்) செறிந்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் மஞ்சள் நீர்) பிரித்து, கிழிந்த இடத்தில் ஊசியாகப் போடுவார்களாம். இதெல்லாம் தாழ்வாரத்தில் என் கணவரிடம் சொன்னது. கை என்னுடையது, விளக்கம் அவருக்கு. எனக்குக் கிடைத்தது "சின்ன ஊசிதாம்மா" மட்டும்.

ரத்தம் எடுத்தார்கள். சுழலும் இயந்திரம் நின்றதும், லேப் பெண் குழாயை எடுத்து நிறுத்திவிட்டு வெளியே போனாள். மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் சிவப்பு மண்டி. பட்டறையில் கூழ் இப்படித் தெளிந்து நின்றால் பார்த்தவர் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய வார்ப்பு பாழ். குழாயை எடுத்து நன்றாகக் குலுக்கி வைத்தேன். உதவி செய்த நினைப்பு வேறு.

"ஐயோ, பிரிச்சு வச்சத யாருங்க ஆட்டுனது?" திரும்பி வந்த லேப் பெண் கத்தினாள்.

"நாந்தாம்மா. அடியில மண்டி நின்னுது, கலக்கி வுட்டேன்."

விஷயம் கேட்டு வந்த மருத்துவர் சிரித்தார். கணவரும் சேர்ந்து சிரித்தார். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்குக் கை. மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி சுழற்றி, ஊசி போட்டார்கள். உயிர் போய் வந்தது.

"வலி மாத்திரை போடக் கூடாது. மூணு மாசம் வெயிட்டு தூக்காதீங்க."

"அதுக்குள்ள வேற ஆளு வச்சிடுவாங்க சார்."

"கை வேணுமா, வேல வேணுமா?"

கேட்டவருக்கு இரண்டும் இருந்தது.

மூன்று மாதம் சொன்னபடி இருந்தேன். வலி பாதி போனது. திரும்பிப் போனபோது என் மேசையில் வேறொருத்தி நின்றாள். ஏழெட்டு அச்சு தூக்கிக் காட்டினேன், அதற்கு மேல் கை கேட்கவில்லை. பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை கொடுத்தார்கள்.

முதலில் எடுத்த ரத்தம் உள்ளே போயிருந்தால் முழுதாகச் சரியாகியிருக்குமோ? "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் மருத்துவர். நம்பத்தான் ஆசை. உங்களுக்கும் இந்த ஊசி என்றால், விளக்கத்தை உங்களிடமே சொல்லச் சொல்லுங்கள்.

முன்பு அச்சில் கூழ் இறுகும் நேரத்தை வைத்து என் பகல் நகர்ந்தது. இப்போது மணி மூன்றானால், போதும் என்று முழங்கை சொல்லிவிடுகிறது. வாளியில் கூழ் தெளிந்து நிற்பது இன்றைக்கும் என் கண்ணில்தான் முதலில் படும். கலக்கிவிட, என் மேசையில் நிற்கும் அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறேன்.