டேக் ரகுபதியின் செவ்வாய்க்கிழமை

கப்பலேறி முடிவெட்டும் ரகுபதிக்குத் தெரிந்த இங்கிலீஷில் வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான். அது ‘டேக்’. பெயர்ச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஹேர், பியர்டு, சோப்பு, சேர், காட், மணி என்று சட்டைப் பை நிறைய வைத்திருந்தார். எதையாவது எடுத்து டேக்குக்குப் பின்னால் வைத்தால் வாக்கியம் முடிந்தது என்பது அவர் கண்டுபிடித்த இலக்கணம். அதை வைத்துக்கொண்டே நார்வேக்காரனுக்கு முடி வெட்டினார், கிரேக்கனுக்கு மீசை ஒதுக்கினார், இரண்டு பேரிடமும் பேரம் பேசி ஜெயித்தார்.

இந்தச் சொல் அவருக்குக் கிடைத்தது யுத்த காலத்தில். ராயபுரம் ரயிலடிப் பக்கம் இருந்த அவருடைய ஒற்றை நாற்காலி சலூனுக்குள் ஒருநாள் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் தலை குனிந்து நுழைந்தான். நாற்காலியைக் காட்டி டேக் என்றான், உட்கார்ந்தான். மீசையைக் காட்டி டேக் என்றான், ரகுபதி எடுத்தார். கத்தி தொண்டைக்குழிக்கு வந்தபோது “டேக் கேர்” என்றான். பயத்தில் ரகுபதி அவசர அவசரமாக இழுக்கப் போனதும் “டேக் யுவர் டைம்” என்றான். போகிறபோது காசை உள்ளங்கையில் வைத்து “டேக் இட்” என்றான். வாசலில் நின்று கழுத்தில் தொங்கிய பெட்டியைத் தூக்கி, சலூனையும் ரகுபதியையும் சேர்த்து ஒரு போட்டோ பிடித்தான். அதற்கும் டேக்!

ரகுபதி அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். நமக்கென்றால் உட்காருவதற்கு ஒரு சொல், மழிப்பதற்கு ஒரு சொல், போட்டோ பிடிப்பதற்கு ஒரு சொல், காசு வாங்குவதற்கு வேறொன்று. வெள்ளைக்காரன் சிக்கனக்காரன். ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் காலம் தள்ளுகிறான்.

துறைமுகத்துக்குள் சின்னப் படகு ஓட்டி ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டு விடுகிற காசிமேட்டுத் தேசப்பனிடம், சுதந்திரம் வந்த பிறகு ஒருநாள், இதைச் சொன்னபோது அவன் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“கரீக்டா கண்டுபுட்ச்ச மாமு. அந்த ஒரு வார்த்தைய வச்சிக்கினுதான் நம்ப ஊரையே டேக் பண்ணிக்கினாங்கோ.”

“அதான் போய்ட்டாங்களேடா.”

“போனவங்க இன்னாத்த வுட்டுட்டுப் போனாங்க? இந்த வார்த்தையத்தான். நீ எட்த்துக்கினே.”

யுத்தம் முடிந்து பட்டாளம் போனதும் சலூனில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. ரகுபதி மரப்பெட்டியில் கத்தியும் கத்தரியும் படிகாரமும் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குள் போனார். மாலுமிகளுக்கு முடி வளரும்; கரைக்கு இறங்கி சலூன் தேட நேரம் இருக்காது. பாஸ் ஒன்று வாங்கிக்கொண்டு கப்பல் கப்பலாக ஏறினார். ஒரு விரலைக் காட்டி “டேக்?” என்றால் லேசாக வெட்டவா என்று அர்த்தம். கையை மண்டைமேல் வழித்துக் காட்டி “டேக் டேக் டேக்?” என்றால் ஒட்ட வெட்டிவிடவா என்று அர்த்தம். தலையைக் குனியவைக்க “டேக் டவுன்”, நிமிர்த்த “டேக் அப்”. சவரம் முடிந்து எரியும் கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டே “டேக் ஸ்லோ, டேக் ஸ்லோ” என்பார். பொறுத்துக்கொள் ராசா என்பதுதான் அது.

வீட்டிலும் டேக்தான். “புஷ்பா, டேக் சோறு” என்று உட்காருவார். அவர் மனைவி புஷ்பவல்லி சளைத்தவள் இல்லை.

“சோத்த டேக் பண்றது இருக்கட்டும். குடத்த டேக் பண்ணிக்கினு போய் குழாயடில நில்லு. தொரை மாரி குந்திக்கினா தண்ணி நடந்தா வரும்?”

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், குடியரசு ஆன வருஷம், ஒரு கல் விழுந்தது. கப்பலேறி வியாபாரம் செய்கிறவர்கள் எல்லாரும் பாஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு யாராவது ஒரு கப்பல் கேப்டன் ‘இந்த ஆளை எனக்குத் தெரியும், நல்லவர்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று துறைமுக ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரக் கடைசிதான் கெடு. கையெழுத்து இல்லையென்றால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் ரகுபதி பழையபடி ஈ ஓட்ட வேண்டும்.

அவரை நன்றாகத் தெரிந்த கேப்டன் ஒரே ஒருவர்தான். கல்கத்தாவிலிருந்து நிலக்கரி கொண்டுவரும் கப்பலின் செம்பட்டைத் தாடிக் கேப்டன். அந்தக் கப்பல் வந்தது. காலையில் வந்து, கரி இறக்கி, ராத்திரியே புறப்படுகிறது என்றார்கள். ரகுபதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“யோவ், இன்னிக்கி இன்னா கெய்ம?” என்றாள் புஷ்பவல்லி.

“செவ்வா. தெரியும். கையெழுத்து வாங்கத்தான் போறேன், கத்தி எடுக்க இல்ல.”

“அப்ப பொட்டி எதுக்கு?”

“பொட்டி இல்லாம போனா அந்தாளுக்கு என்ன அடையாளம் தெரியாது.”

செவ்வாய்க்கிழமை முடிவெட்டுவதில்லை என்பது ஊர் வழக்கம் மட்டுமில்லை. ராயபுரம் சவரத் தொழிலாளர் சங்கத்தில் எல்லாரும் அம்மன் கோயில் வாசலில் மண்ணைத் தொட்டு, ‘இந்த மண்ணை மிதித்துக்கொண்டு செவ்வாயில் கத்தி எடுக்கமாட்டேன்’ என்று சத்தியம் செய்திருந்தார்கள். மீறினால் பெட்டி பறிமுதல். அப்புறம் எந்த சலூனிலும் நிற்க முடியாது. சங்கத் தலைவர் தண்டபாணி இந்த விஷயத்தில் பெற்ற பிள்ளையையும் விடமாட்டார்.

கேப்டனின் அறைக்குள் நுழைந்த ரகுபதி அசந்துபோனார். போன தடவை ஒதுங்க வெட்டிய தாடி இப்போது மார்பில் புரண்டது. முடி கழுத்தை மூடியிருந்தது. கேப்டன் அவரைப் பார்த்ததும் தெய்வத்தைக் கண்டதுபோல எழுந்தார். கப்பல் முதலாளி சாயங்காலம் சாப்பிட வருகிறாராம். அவருக்குத் தாடி என்றால் ஆகாதாம். காலையிலிருந்து கேட்டு அனுப்பியும் எந்த பார்பரும் வரவில்லையாம். தாடியை இழுத்துக் காட்டி, “டேக் திஸ் ஆஃப்” என்றார்.

ரகுபதி தாளை நீட்டினார். “சார், டேக் சைன்.”

“ஷூர். யூ டேக் திஸ், ஐ சைன் தட்.”

ரகுபதி இரண்டு கையையும் ஆட்டினார். “சார், டுடே டியூஸ்டே. நோ டேக்.”

“ஒய்?”

இதற்கு என்ன சொல்வது? மேலே கையைக் காட்டி “காட் டேக்” என்றார். என் தாடியைக் கடவுளா எடுக்கப்போகிறார் என்பதுபோலக் கேப்டன் அண்ணாந்து பார்த்தார். ரகுபதி பெட்டியைத் தட்டி, “ஐ டேக் பியர்டு, சங்கம் டேக் பாக்ஸ்” என்று பெட்டியை யாரோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல நடித்துக் காட்டினார். கேப்டனுக்குக் கொஞ்சம் புரிந்தது, வருத்தம்கூடப் பட்டார். ஆனால் பேனாவின் மூடியை மட்டும் திறக்கவில்லை.

ரகுபதி வெளியே வந்து ஏணிப்படியில் பாதி இறங்கியபோது கீழே கரையில் தண்டபாணி நிற்பதைப் பார்த்தார். துறைமுக அதிகாரிகளுக்கு வழக்கமாகச் சவரம் செய்கிறவர் என்பதால் அவருக்கு உள்ளே வரத் தடையில்லை. செவ்வாயில் ரகுபதி பெட்டியோடு போனான் என்று யாரோ ஓதிவிட்டிருக்கிறார்கள்.

“இன்னா ரகுபதி, வேலை ஆச்சா?” என்றார், கையை நீட்டி. பெட்டிக்காக நீட்டிய கை.

“அம்மன் மேல சத்தியமா கத்திய தொடல தலைவரே. திறந்து பாருங்க, ஈரமே கெடையாது.”

தண்டபாணி திறந்து பார்த்தார். கத்தியை மோந்தும் பார்த்தார். பிறகு ரகுபதி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். தண்டபாணி கல் நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் சத்தியம் சத்தியம்தான்.

“எனக்கு மட்டும் ஆசையாடா ஒன் பொழைப்பு போவணும்னு? இன்னிக்கி ஒனக்கு வுட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான். நான் இன்னா பதில் சொல்றது?”

படிக்குக் கீழே படகில் குந்திக்கொண்டு பீடி பிடித்த தேசப்பன் தலையை நீட்டினான்.

“ஏன் தலைவரே, எனக்கு ஒரு டவுட்டு. ஒங்க சங்கம் தண்ணிலயும் கீதா?”

“இன்னாடா ஒளர்ற?”

“மண்ண மிதிச்சிக்கினுதானே சத்தியம் பண்ணீங்கோ. நாங்க கடலுக்குப் போறவங்கோ. கரைல ஆயிரம் சட்டம் கீது, அலை தாண்டிட்டா ஒண்ணும் கெடையாது. கடலாத்தா கெங்கம்மாதான் எங்களுக்கு எல்லாம்.”

கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் தண்டபாணியின் நெற்றி சுருங்கிவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தால் பெரிய வக்கீலாகியிருப்பார் என்று ராயபுரத்தில் பேச்சு. மெல்ல நடந்து போய்க் கப்பலைக் கரையோடு கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“கப்பல்ல முடியாது. கயிறு மண்ண தொட்டுக்கினு கீது” என்றார்.

“அப்ப என் படகு?” என்றான் தேசப்பன். “அத்த எதுலயும் கட்டல.”

தண்டபாணி கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நடுத் தண்ணிக்குப் போய்டணும். துடுப்பு தரைல தட்டக்கூடாது. நான் இங்க நின்னு பாத்துக்கினே இருப்பேன்.”

ரகுபதி இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினார். “சார், டேக் போட்! டேக் பியர்டு!”

வெள்ளைச் சீருடையில் கேப்டன் படகில் இறங்கியபோது கரி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். படகு நடுத் தண்ணிக்குப் போனதும் ரகுபதி துண்டைப் போர்த்தி, நுரை போட்டு, கத்தியை விரித்தார்.

“அண்ணாத்தே, வஞ்சிர மீனா சங்கராவா? செதில பாத்து எடு!” என்று கரையிலிருந்து ஒரு குரல்.

“அந்தத் தாடிய எனக்குக் குடுத்துடு, பாயாசம் காச்ச சேமியா மாரி கீது!” என்று இன்னொன்று.

கத்தரி முதலில், கத்தி அடுத்தது. செம்பட்டை முடி கொத்துக் கொத்தாக அலையில் மிதந்தது. அலை வரும்போது கத்தியைத் தூக்கி, இறங்கும்போது இழுத்து, ரகுபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். தாடி போன முகத்தில் ஒரு இளைஞன் இருந்தான். எல்லாம் முடிகிற நேரத்தில் பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு ஒரு இழுவைப் படகு பக்கத்தில் போயிற்று. அலை எழும்பியது. தேசப்பனின் படகு தொட்டில் மாதிரி ஆடியது. இடது கிருதாவில் இருந்த கத்தி அரை விரல் மேலே ஏறிவிட்டது.

கேப்டன் கைக்கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வெளியே எடுத்த பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார்.

ரகுபதிக்கு உலகமே இடது பக்கம் சாய்ந்துவிட்டது. “சார், டேக் ஸ்லோ... டேக் அகெய்ன்...” என்று குழறினார். இன்னொரு அலை வந்தால் வலது பக்கமும் போய்விடும்.

அப்போது கரையிலிருந்து ஒரு கர்ஜனை. “டேய்! இடது கிருதா தூக்கலா கீதுடா!”

“தெரியுது தலைவரே! அலை அட்ச்சிட்ச்சி!”

“அந்த மூஞ்சோட அவன் ஊர் ஊரா போவாண்டா! எங்க வெட்டுனன்னு கேட்டா ராயபுரம்னுதான் சொல்லுவான்! தேசப்பா, இஸ்துகினு வாடா படகை!”

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் குதித்தார். நடுத் தண்ணிக்கு வந்ததும் கேப்டனுக்குப் பின்னால் முட்டிபோட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அவர் தலையைத் தேங்காயைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

“நான் கத்திய தொடல. தலையைத்தான் புட்ச்சிருக்கேன். சத்தியத்துல தலையைப் பத்தி ஒண்ணும் கெடையாது. ம், வலதுல அரை வெரல் ஏத்து. பதறாத. அலை போவட்டும்... இப்ப இழு.”

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தண்டபாணி பிடியை இறுக்கினார். வாய் மூடிக்கொண்டது. ரகுபதி ஒரே இழுப்பில் எடுத்தார். மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள், தேசப்பன் நாலாவதாக.

கேப்டன் கண்ணாடியைப் பார்த்தார். இடது, வலது, மறுபடி இடது. தாளுக்குக் கை நீட்டினார். வைத்து எழுத இடம் எதுவும் இல்லை. பெட்டி முழுக்க நுரை. சுற்றுமுற்றும் பார்த்தவர், பின்னால் திரும்பி, விரித்துக் கிடந்த கத்தி மேலே பட்டுவிடாமல் குனிந்து ஒடுங்கியிருந்த தண்டபாணியின் அகலமான முதுகில் தாளை விரித்தார்.

சங்கத் தலைவரின் முதுகில் பேனா ஓடியது. நீளமாக எழுதினார். நல்லவர் என்று ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா என்று ரகுபதி எட்டிப் பார்த்தார்.

“இன்னாடா பண்றான் அவன்?” என்றார் தண்டபாணி, படகின் அடியைப் பார்த்தபடி.

“கையெழுத்து போடறாரு தலைவரே. கொஞ்சம் ஆடாம இருங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

“ஜல்தி போடச் சொல்லு. முதுகு கூசுது. கரைல எல்லாரும் பாக்கறானுங்கோ.”

“சார்,” என்றார் ரகுபதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டேக் யுவர் டைம்.”