சுருட்டைக் கூழைக்கடாவின் கால் நிறம்

முசே சூசைநாதன் இறந்த செய்தியைத் தபால்காரர் தங்கராசுதான் என் கயிற்றுக் கடைக்குக் கொண்டுவந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, "மரைக்காயர் நானா, தலத்தெரு முசே காலையில போயிட்டாங்க" என்றார். காரைக்காலிலேயே முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் போய்ச் சேர்ந்தபோது முசே வீட்டு வாசலில் பெஞ்சுகள் போட்டு, அவற்றில் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் அவரை 'முசே' என்று கூப்பிட்டு, அவரிடம் இயற்கைப் பாடம் படித்தவர்கள்தான் இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கப்போகிறீர்கள். நான் அவரிடம் படித்தவன் அல்ல. நாலாம் வகுப்போடு கப்பலேறி, சைகோன் வரை போய், பத்து பாஷை பேசித் திரும்பியவன். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவைத் தோலைத் தைக்கச் சன்னமான நூல் கேட்டு ஒருநாள் என் கடைக்கு வந்தார். நூலோடு சேர்த்து, சைகோனில் ஒரு கூழைக்கடாப் பறவை ஆட்டுக்குட்டியை விழுங்கிய கதையையும் கொடுத்தேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. ஒரு புறம் 'பார்த்தது', மறுபுறம் 'கேட்டது'.

"மரைக்காயரே, இது நீங்க பாத்ததா, கேட்டதா?"

"பாத்தவரு என்கிட்ட நேர்ல சொன்னாரு, முசே."

"அப்ப கேட்டது. குட்டி என்ன நிறம்?"

"கறுப்பு."

"அதையும் கேட்டதுல போட்டுக்கறேன்" என்று சிரிக்காமல் எழுதினார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

நெரவி வயலில் செத்து விழுந்த ஒரு கூழைக்கடாவை அவர் வீட்டுக் கொல்லையில் அறுத்தபோது நானும் கூட இருந்தேன். வாத்துக்கு மூன்று விரல்களுக்கு நடுவேதான் சவ்வு. இதற்கு நான்கு விரலையும் ஒரே சவ்வு சேர்த்துப் பிடித்திருந்தது. மார்புத் தோலை அழுத்தச் சொன்னார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி உள்ளே சத்தம் கேட்டது. அத்தனையும் காற்றறைகளாம். அந்த உடம்பு தண்ணீரில் மிதப்பதும், அவ்வளவு கனத்தோடு வானத்தில் வட்டமிடுவதும் அதனால் சுலபமாகிறது என்றார். அலகின் கீழ்ப் பை மீனைச் சேர்த்துவைக்கும் பை இல்லை, மீனை அள்ளித் தண்ணீரை வடிக்கும் வலை. தன் மார்பைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளை வளர்க்கும் என்று அவர்கள் மாதா கோயிலில் படமே இருக்கிறதே என்று கேட்டேன். "அது கேட்டது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சாமியார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு முந்திய மழைக்காலத்தில், ஒரு புயல் ஓய்ந்த மறுநாள், அரசலாற்று முகத்துவாரத்தில் தனியாக ஒரு பெரிய பறவை இறங்கியிருந்தது. காரைக்காலில் துப்பாக்கி பிடித்தவர்களில் எனக்கு நிகர் கிடையாது, ஒரே குண்டு. இரண்டாவது, முதல் குண்டு தவறியதால் போட்டது. முசே அப்போது காய்ச்சலில் கிடந்தார். சாக்கில் சுற்றி மறுநாள் சாயங்காலம்தான் கொண்டுபோனேன். இறக்கை விரிப்பு பன்னிரண்டு அடி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். அவர் நாடாவைப் பிடித்தார். பத்தடிக்குச் சற்றுக் குறைவு.

காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்த அவர் முகத்தை நான் மறக்கவில்லை. கூழைக்கடாவில் நம் பக்கம் பேசப்படுவது மூன்று என்று சொன்னார். நம்மூர்க்காரன் சிறியவன், சாம்பல் நிறம், மேல் அலகில் புள்ளி வரிசை. பெரிய வெள்ளைக்கு நெற்றி இறகு கூராக இறங்கும், இறக்கையின் அடியில் கறுப்பு, கால் ரோஸ். மூன்றாமவன் சுருட்டை. எல்லாரிலும் பெரியவன், பிடரியில் சுருண்ட இறகு, நெற்றியில் இறகு பிறைபோல வளைந்து நிற்கும், இறக்கையின் அடி மங்கல், கால் சாம்பல். குளிர்காலத்துக்கு வடமேற்குப் பக்கம் வந்து போகிறவன். இவ்வளவு தெற்கே வந்ததாக அவர் படித்த எதிலும் இல்லை. சுருட்டை தனி இனமா, நம்மூர்க்காரனின் பெரிய வடிவமா என்று படிப்பாளிகளே அப்போது இரண்டு கட்சியாக நின்றார்கள். இரண்டும் ஒரே கரையில் கிடைத்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். இருபது வருஷமாக அவர் அந்தக் கரையில் காத்திருந்தது அதற்காகத்தான்.

நெற்றி பிறைதான். பிடரி சுருட்டைதான். ஆனால் கண் வற்றிவிட்டது. கால் காய்ந்து, சேறு ஒட்டி, நிறம் திரிந்துவிட்டது. செத்த உடனே பார்த்தவன் சொன்னால்தான் உண்டு.

"மரைக்காயரே, விழுந்தப்ப கால் என்ன நிறம்?"

நான் பார்க்கவில்லை. அதன் அளவைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். ஆனால் அந்தப் பறவையோடு கண்ணுக்குக் கண் நோக்கி நின்ற கதையை அதற்குள் கடைத்தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. இனிமேல் காலைப் பார்க்கவில்லை என்றால் எப்படி? அழகாக இருக்கட்டும் என்று, "ரோஸ், முசே. பன்னீர் ரோஜா மாதிரி" என்றேன்.

பென்சில் நின்றது. "பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால."

அவர் நோட்டில் ஊரார் சொன்னதெல்லாம் 'கேட்டது' பக்கம்தான். அன்று என் வார்த்தையைப் 'பார்த்தது' பக்கத்தில் எழுதினார்.

தோல், குறிப்பெழுதிக் கட்டிய சீட்டோடு, வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனது. கடிதம் வர ஏழெட்டு மாதம் ஆனது. நெற்றியும் இறக்கையும் சுருட்டையைச் சொல்கின்றன, சீட்டில் எழுதிய கால் நிறம் வெள்ளையைச் சொல்கிறது. இரண்டு பறவைகளின் குறிப்பு கலந்துவிட்டதுபோல் இருப்பதால் பதிவாக ஏற்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்று நான் அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். அவர் மனைவி மதாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம், "இவரு சும்மா அளந்திருப்பாரு. அதை அடிச்சிட்டு சாம்பல்னு எழுதி அனுப்புங்களேன்" என்றார்.

"அவர் பாத்தேன்னு சொன்னாரு. நான் பாக்கல. பாக்காதவன் எப்படி அடிக்கிறது?"

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார். நான் வாயைத் திறந்திருக்கலாம். மதாம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சைகோனில் காப்பி இதைவிடத் தண்ணியாக இருக்கும் என்று சொல்லி எழுந்து வந்தேன். அதன் பிறகு அவர் முகத்துவாரத்துக்குப் போகவில்லை. நூல் வாங்கவும் வரவில்லை. வழியில் கண்டால் மட்டும், "சௌக்கியமா மரைக்காயரே" என்பார், முன்போலவே.

அடக்கத்துக்கு ஊரே திரண்டது என்று எழுத என் கை துடிக்கிறது. நான் பார்த்தது முப்பது பேர் இருக்கும். தூறலில் பாதிப் பேர் கல்லறை வாசலோடு திரும்பினார்கள்.

மறுவாரம் மதாமிடம் போய் அந்த நோட்டைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துத் தந்தார். சுருட்டையின் பக்கத்தைத் தேடி, என் நாலாம் வகுப்புக் கையெழுத்தில் கால் நிறத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல் எழுதி, கீழே பெயரும் போட்டேன். மதாம் அதைப் படித்துவிட்டு, "இதை அவரு இருக்கறப்ப வந்து எழுதியிருக்கலாமே, நானா" என்றார். நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கடையில் இப்போதும் கதை கேட்கிறார்கள். சொல்கிறேன். நடுவில் யாராவது எதையாவது துருவிக் கேட்டால், அந்த நோட்டில் எழுதியது நாக்கில் வந்து நிற்கிறது. முசேயிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல்தான்: பார்க்கவில்லை.